மூன்று அங்குலம்

காலோவே, 28 ஜனவரி 1767

அன்புள்ள எலிகூ அண்ணாவுக்கு,

நானும் தபீத்தாளும் சுகம். உன் மருமகள் இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பார்க்க அவள் அப்பாவுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. அவர் காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகிறது, விறகு தீர்ந்துவிட்டது. விதவைக்கு ஊர் கொடுக்கும் விறகைக் கேட்டுக் காலோவே ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். "உங்க வீடு இப்ப டன்ரிட்ஜ் எல்லையில இருக்கும்மா. கோடு போட்டது உங்க அண்ணன்தானே? அவரையே கேளுங்க" என்று சிரித்தார்கள். டன்ரிட்ஜ் காவலரோ ஒரு தாளை நீட்டினார். நான் அவர்கள் ஊருக்குப் புதிதாக வந்தவளாம்; பதினைந்து நாளில் வெளியேற வேண்டுமாம். இல்லையென்றால் குழந்தையை வேறு வீட்டில் வளர்க்க ஒப்படைப்பார்களாம். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டை விட்டு நான் எங்கும் போகவில்லை.

உன் எல்லைக்கம்பு என் பின்சுவரிலிருந்து மூன்று எட்டில் நிற்கிறது. மறுபடி ஒருமுறை அளந்து பாரேன்.

உன் தங்கை,
கெசியா

ஹார்ட்ஃபோர்ட், 3 பிப்ரவரி

கெசியா,

டன்ரிட்ஜின் எல்லை ஆற்றிலிருந்து இரண்டு மைல். அளவுச் சங்கிலியை நூற்றறுபது முறை போட்டு அளந்தேன். எங்கே முடிந்ததோ அங்கே கம்பு நட்டேன். தங்கை வீடு என்பதற்காகக் கோட்டை வளைக்க முடியாது. இங்கே மூன்று வரைபடம் பாக்கி இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் அழாமல் பேசு.

எலிகூ

காலோவே, 21 பிப்ரவரி

அண்ணா,

நேற்று தபீத்தாளைக் கொண்டுபோய்விட்டார்கள். டன்ரிட்ஜில் ஒரு பண்ணை வீட்டுக்கு. காவலர் கெட்டவர் இல்லை. "போர்வைய நல்லா சுத்திக் குடுங்கம்மா, வழியில குளிரும்" என்றார். சுற்றி, என் கையாலேயே கொடுத்தேன்.

நீ சொன்னபடி அழவில்லை.

கெசியா

ஹார்ட்ஃபோர்ட், 26 பிப்ரவரி

கெசியா,

கோடு தவறு. வளையங்கள் தேய்ந்து, சங்கிலி மூன்று அங்குலம் நீண்டிருக்கிறது. நூற்றறுபது முறை போட்டால் நாற்பது அடி; கம்பு அவ்வளவு தூரம் உங்கள் பக்கம் தள்ளி நிற்கிறது. உன் வீடு முழுக்கக் காலோவேக்குள்தான் இருக்கிறது. தினமும் காலையில் சங்கிலியை அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். கோடு போட்டபோது நான் ஒருநாளும் ஒப்பிடவில்லை. குளிர், அவசரம். வேறு காரணம் இல்லை.

திங்கட்கிழமை உங்கள் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன். வேலை போகும். போகட்டும்.

எலிகூ

காலோவே, 9 மார்ச்

அண்ணா,

விறகு வந்தது. புதன்கிழமை தபீத்தாளும் வந்தாள். இப்போது நடப்பதில்லை, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள்.

கூட்டத்தன்று வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன். இரண்டு கையிலும் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, "தப்பு என்னோடது" என்றாய். சிலர் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது யாரோ, "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். "போன மாசம் பன்னெண்டாந்தேதி சரிபார்த்தேன்" என்றாய். அவர்கள் அடுத்ததாக, ஊர்ப் பன்றிகளைக் கட்டிவைக்கும் விவகாரத்துக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். நீ வேறு வழியாகப் போய்விட்டாய்; வீட்டுக்கு வரவில்லை.

தேய்ந்த சங்கிலிக்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தையைக் கொண்டுபோனது இருபதாம் தேதி. நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாளும் என்ன செய்துகொண்டிருந்தாய்? அதை மட்டும் எழுது.

கெசியா

ஹார்ட்ஃபோர்ட், 14 மார்ச்

கெசியா,

வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

எலிகூ