உங்கள் வரி வரும்போது

என் தடித்த குரல் அண்ணிக்கு,

கோபப்படாமல் கேட்பீர்களா? கோபப்பட்டாலும் பரவாயில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

போன ஞாயிறு தங்காக்கில் எங்கள் பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல கரோக்கே வைத்தார்கள். நம் பாட்டைப் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து நான் மைக்கைத் தொட்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டுதான் போனேன், அதையும் மறைக்கவில்லை.

என் கீச்சுக் குரலுக்குப் பெண் வரிகள், உங்களுக்கு ஆண் வரிகள் என்று எத்தனை கல்யாணத்தில் அதைப் பாடியிருப்போம்! பிள்ளைகள் குதித்து ஆடுகிற துள்ளல் மெட்டு. நீங்களோ மைக் கைக்கு வந்ததும் பாட மாட்டீர்கள். "இருங்க, இருங்க, முதல்ல வரியக் கேளுங்க" என்று தொடங்கிவிடுவீர்கள்.

"கதவைச் சாத்தாதே, வந்துகொண்டே இருக்கிறேன்" என்று பாட்டில் அவன் பாடுவான். "சோறு ஆறிப்போச்சு, நான் இன்னும் சாப்பிடல" என்று அவள் பாடுவாள். நீங்கள் விளக்குவீர்கள்: "முழுப் பாட்டுலயும் காதல்ங்கிற வார்த்தையே இல்ல, பாத்தீங்களா? கதவு இருக்கு, சோறு இருக்கு. அவன் வழியில பாடுறான், இவ வீட்டுல பாடுறா. ஒருத்தர் பாடுறது ஒருத்தருக்குக் கேக்காது. நமக்கு மட்டும்தான் ரெண்டும் கேக்குது. இது கவிதை லா!"

"அக்கா, பாடுங்க லா, ஐஸ் கிரீம் உருகுது!" என்று எவனாவது பின்னாலிருந்து கத்துவான். மண்டபமே சிரிக்கும். எனக்கு மானம் போகும். பக்கத்தில் நின்று உங்கள் முந்தானையை இழுப்பேன். நீங்கள் அசைந்தால்தானே!

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் சித்தப்பா உங்கள் வரிகளைப் பாட வந்து நின்றார். மைக் என் கையில். "இருங்க, இருங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது என்று சொன்னால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை. கதவு, சோறு, வழி, வீடு என்று நீங்கள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் நிறுத்துகிற இடத்தில்கூட நிறுத்தினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படித் தாராளமாக ஊற்றினேன். உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை, அண்ணி. கைதட்டினார்கள். "அக்கா பாட்டப் பிரிச்சி மேஞ்சிட்டாங்க!" என்றார் நிகழ்ச்சி நடத்தியவர். நான் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

திரும்பி வரும்போது அண்ணன்தான் கார் ஓட்டினார். உங்கள் புருஷனைப் பற்றித் தெரியாதா, தங்காக்கிலிருந்து கூலாய் வீடு வரை ஒரு வார்த்தை பேசாமல் வரக்கூடியவர். பாதி வழியில், யோங் பெங் தாண்டியதும் பேசினார்.

"மல்லி, அண்ணி அத எனக்காகத்தான் சொன்னா. நீ யாருக்குச் சொன்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே மறுபடி பேசினார். "சிங்கப்பூர்ல வேல முடிஞ்சி எல்லைப் பாலத்துல ஜாம்ல நிக்கிறப்ப, வர்றேன்னு ஒரு போன்கூட பண்ண மாட்டேன். அவ சாப்பிடாம ஒக்காந்திருப்பா. கதவச் சாத்தாதன்னு நான் சொல்லணும், மல்லி. நான் சொல்ல வேண்டியத அவளே பாடிக்கிட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண் வரிகளை நீங்கள் எடுத்துக்கொண்டது தடித்த குரலால் மட்டும் இல்லை, அப்படித்தானே? ஒவ்வொரு கல்யாணத்திலும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவருக்கு அந்தப் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கு ஐஸ் கிரீம் சிரிப்புதான் கேட்டது. உங்களை நினைத்துக் கூசிய நான், உங்கள் பேச்சுக்குக் கைதட்டு வாங்கும்போது கூசவில்லை. வெட்கமாக இருக்கிறது, அண்ணி.

அண்ணன் இப்போதும் வேலைக்குப் போய் வருகிறார். கடையில் கட்டிய சோற்றை வாங்கி வந்து, பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போட்டுத்தான் சாப்பிடுகிறார். பொட்டலத்தோடு சாப்பிட்டால் நீங்கள் திட்டுவீர்களாம். இன்னொன்றும் சொல்லட்டுமா? வேலை முடிந்து பாலத்துக்கு வந்ததும் இப்போது எனக்குப் போன் செய்கிறார். "வந்துகிட்டே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். நானும் "சரிண்ணே" என்பதோடு சரி. அது எனக்கு வருகிற போன் இல்லை என்று அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் தெரிகிறது.

அடுத்த மாதம் லாபிஸில் என் மகனுக்கு நிச்சயதார்த்தம். கரோக்கே இல்லாமலா? மைக்கை வாங்கி, முதலில் உங்கள் பெயரைச் சொல்வேன். இது என் அண்ணி சொன்னது, என் அண்ணனுக்குச் சொன்னது என்பேன். தங்காக்கில் கைதட்டிய நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். பிறகு நீங்கள் விளக்கியபடியே விளக்குவேன். கத்துகிறவன் கத்தட்டும்.

என் வரிகளை நான் பாடுவேன். உங்கள் வரி வரும்போது மைக்கை அண்ணனிடம் நீட்டுவேன். அவர் பாட மாட்டார், தெரியும். நீட்டிய கையை நான் இறக்க மாட்டேன். மெட்டு ஓடட்டும், திரையில் எழுத்து மட்டும் போகட்டும். அவர் வாசித்துக்கொள்ளட்டும்.

உங்கள் முந்தானையை இனி இழுக்காத,
கீச்சுக் குரல் நாத்தனார்
மல்லிகா