தவளைக் கணக்கில் அப்பாவின் இருமல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? உங்கள் இருமல் விட்டதா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆத்திரம்தான் அடங்கவில்லை. இரண்டு வருடம் குளத்துச் சேற்றில் நின்று நான் பதிவு செய்த தவளைச் சத்தங்களை, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுத் தளத்தில் போடச் சொன்னார் எங்கள் பேராசிரியர். போட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் வேறொரு ஆய்வுக்கூடம் அதை வைத்தே கட்டுரை வெளியிட்டுவிட்டது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்! பேராசிரியரிடம் கேட்டால், "பொதுவுல போட்டா எடுக்கத்தாம்மா செய்வாங்க" என்கிறார். நான் சமைத்து வைக்க, யாரோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் எந்தச் சத்தம் எந்தத் தவளை என்று கணினி பிரித்துப் போட்ட கணக்கை அவர்களும் பொதுவில் வைத்துத்தானே ஆக வேண்டும்? திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். புதுவகைத் தவளை என்று அவர்கள் கொண்டாடுவது உங்கள் இருமல், அப்பா! ஒருநாள் குளக்கரையில் பதிவுக் கருவி ஓடுவதை மறந்து உங்களோடு ஸ்பீக்கரில் பேசியிருக்கிறேன். அடுத்த நொடியே "சாப்பிட்டியாம்மா?" என்கிறீர்கள். எந்திரம் எண்ணியதை ஒரு மனிதராவது காதுகொடுத்துக் கேட்க வேண்டாமா? நான் பலமுறை கேட்டேன், சரிபார்க்கத்தான்.

விடமாட்டேன், மறுப்பு எழுதப்போகிறேன். சான்றுக்கு, போனில் நன்றாக இருமிப் பதிவு செய்து அனுப்புங்கள். அப்படியே அம்மாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது. இருமல் விட்டிருந்தால் வரவழைக்க வேண்டாம். அந்தத் தவளை அவர்களிடமே இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மகள்