பூ பறிக்காத வியாழக்கிழமை

டிசம்பர் 3, செவ்வாய்

விடியும்போதே கரண்ட் போய்விட்டது. கரி அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் இல்ஸே வந்து நின்றாள், கையில் வரைபலகையும் வர்ணப் பெட்டியுமாக. லாட்வியாக்காரி. அது எங்கே இருக்கிறது என்று முன்பு ஒரு நாள் கேட்டேன். "ரொம்பக் குளிரான இடம்" என்றாள். எனக்கு அது போதும்.

நேற்று சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தாளாம், எங்கள் தோட்டம் முழுக்க மொக்கு. காலையில் வரையலாமென்று வந்தால் ஒரு பூவைக் காணோம். "பூவெல்லாம் எங்கே, அமா?" என்று உடைந்த பர்மியத்தில் கேட்டாள். அமா என்றால் அக்கா. அக்கா என்று கூப்பிடுகிற பெண்ணுக்கு எப்படிப் பொய் சொல்வது? "எங்க அம்மன் தலையில இருக்கு" என்றேன்.

பதினாலாம் தேதி ஊருக்குப் போகிறாள். அதற்குள் பூவோடு ஒரு நாள் வேண்டுமாம்.

டிசம்பர் 4, புதன்

ஒரு நாள் பூவைச் செடியிலேயே விடுங்களேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதினோரு வருஷத்துல கோயிலுக்குப் பூ ஒரு நாள் தவறினதுண்டா? மவன் கல்யாணத்தன்னிக்கே பறிச்சுக் குடுத்துட்டுல்ல மண்டபத்துக்கு வந்தேன்" என்றார். உண்மைதான். மாப்பிள்ளையோட அப்பாவே தாமதமாக வந்தார் என்று சம்பந்தி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

டிசம்பர் 6, வெள்ளி

இல்ஸே வரைய ஆரம்பித்துவிட்டாள். மதில், தண்ணீர் டிரம், இலைகள் எல்லாம் வந்துவிட்டன. செடிகளில் மட்டும் அங்கங்கே வெள்ளையாக ஓட்டை. மறந்துவிட்டாளோ என்று தொட்டுக் காட்டினேன். "பூவுக்கு இடம் விட்டிருக்கேன், அமா. பார்க்காம வரைய மாட்டேன்" என்றாள்.

டிசம்பர் 7, சனி

அந்த ஓட்டைகளே கண்ணுக்குள் நிற்கின்றன. நானும்தானே பார்த்ததில்லை? இவர் ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு போய், விரிகிற பதத்தில் எல்லாவற்றையும் பறித்துவிடுகிறார். ஆறு மணிக்கு முதல் பூசை. நான் தண்ணீர் ஊற்றப் போகும்போது வெறும் காம்பு.

குழி வெட்டினது யாரு? நான். மீன் கழுவின தண்ணிய சுமந்து ஊத்தினது? நான். கோயிலில் "கார்த்திகேசன் வீட்டுப் பூ" என்கிறார்கள் — வேலம்மா என்று ஒருத்தி இருக்கிறதே யாருக்கும் தெரியாது. அம்மன் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மனுஷன் மேலதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

இவரோடு பேசவில்லை. காலையில் வைத்த மோஹிங்கா மீன் குழம்புக்கு உப்பும் போடவில்லை. மறதியால் அல்ல.

டிசம்பர் 10, செவ்வாய்

பூசாரி பாலாவிடம் கேட்டேவிட்டேன். "மார்க்கெட்டுப் பூவும் பூதான்க்கா. அம்மனா வேணாம்னு சொல்றா? அண்ணனுக்குத்தான் முதல் பூசைக்குத் தன் கூடை போகணும்" என்றான். வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். "கோயில்ல போயி பஞ்சாயத்து வச்சியா?" என்று குதித்தார். "ஆமா, வச்சேன். செடி வச்சவ ஒரு நாளாச்சும் பூவப் பாக்கக் கூடாதா?" என்று நானும் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுதான் கேவலம்.

டிசம்பர் 12, வியாழன்

கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

செம்பருத்தி அவ்வளவும் செடியிலேயே விரிந்திருந்தது. நந்தியாவட்டை, அரளி, சாமந்தி — தேனீக்கள்கூட வந்துவிட்டன, யார் சொன்னார்களோ. வாளியைக் கீழே வைத்துவிட்டு இல்ஸேயைக் கத்திக் கூப்பிட்டேன். தலைகூட வாராமல் ஓடி வந்தாள்.

எட்டு மணிக்கு இவர் வந்தார். மார்க்கெட்டில் பூ வாங்கிக் கொடுத்தாராம். "பூசாரி ஒண்ணுமே கேக்கல" என்றார். கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், பாவம். பிறகு டிரம்மில் சாய்ந்துகொண்டு, இல்ஸே தூரிகையை நனைப்பதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 13, வெள்ளி

படத்தை முடித்துக் காட்டினாள். செம்பருத்தியின் சிவப்பு ஈரத்தில் கொஞ்சம் ஓடியிருக்கிறது, அதுதான் அழகு. நந்தியாவட்டைக்கு வர்ணமே இல்லை, தாளின் வெள்ளையையே பூவாக்கிவிட்டாள். ஊருக்கு எடுத்துப் போகிறாள். அங்கே இப்போது பனியாம், ஒரு செடியிலும் பூ இருக்காதாம். போகட்டும், அங்கே பார்க்கட்டும். நான் நிஜத்தையே பார்த்துவிட்டேன்.

இவர் இன்றைக்கு ஐந்து மணிக்கே பறித்துவிட்டார்.

டிசம்பர் 14, சனி

இல்ஸே போய்விட்டாள். கட்டிப்பிடித்ததில் என் முகத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

டிசம்பர் 16, திங்கள்

ஐந்தாகியும் இவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். "சும்மா படு" என்றார். வெளிச்சம் நன்றாக வந்தபிறகுதான் கூடையை எடுத்தார். வாசலில் நின்று, "வேலு, வா. பாத்துக்க. அப்புறம் பறிக்கிறேன்" என்றார்.

"முதல் பூசை?"

"இனிமே வேற யாராவது குடுக்கட்டும். நம்மளது ரெண்டாம் பூசைக்குப் போதும்."

வெறுங்கூடையோடு படியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். அவசரமே படவில்லை.