யாருடைய பன்னிரண்டு மணி?

நவம்பர் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் வயதுக்கு நான் நலம். உன் வயதுக்கு நீ இன்னும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்துக்குள் மூன்று இடத்தில் ஒற்றெழுத்தை விழுங்கியிருக்கிறாய். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி அனுப்புவது அழகில்லை என்று நீ சண்டை போட்டதிலிருந்து அதை விட்டுவிட்டேன். மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

கண் டாக்டரிடம் போய் வந்தேன். அவள் என்னிடம் படித்தவள். "இடது கண்ணை மறந்துடுங்க டீச்சர். வலது கண்ணு இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அதுக்குள்ள கூட யாராவது வந்து இருக்கணும்" என்றாள். பரீட்சையில் ஆற்றைக் கடலிலிருந்து மலைக்கு ஓட விட்டவள் அவள். அவள் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வாசற்படி ஒன்று குறைவாகத் தெரிந்தது. விழவில்லை.

வேலைக்கு வருகிற பெண் நேற்று சர்க்கரை டப்பாவில் சோப்புத்தூளைக் கொட்டி வைத்திருந்தாள். காப்பியை ஒரு வாய் குடித்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "ரெண்டும் வெள்ளைதானேம்மா" என்கிறாள்.

நீ வருவதானால் உன் அறை அப்படியே இருக்கிறது. ஒருவர் படுக்கும் கட்டில்தான் என்பதை நினைவில் வை.

உன் அம்மா


நவம்பர் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

கண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒரு மாடிக்குப் போக வேண்டிய விரிப்புகளை எல்லாம் வேறு மாடிக்கு அனுப்பிவிட்டேன். உன் கையெழுத்தும் கோட்டை விட்டு இறங்குகிறது. இதுவரை ஒரு நாளும் அப்படி இறங்கியதில்லை.

கட்டிலைப் பற்றி நீ எழுதியதையும் அவரிடம் காட்டினேன். "நான் தரையில படுத்துக்கறேன். கால் நீட்டவாவது இடம் கிடைக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. இன்னொரு வேலை ஒரு தீவில். ஐந்து வருட ஒப்பந்தம், நடுவில் விடுப்பு இல்லை, படகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி இரவு பன்னிரண்டுக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "அத்தைக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு? கிளம்பு" என்கிறார் அவர். வேண்டாம் என்று நிற்பது நான்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்பு அவரை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார். நீ இவரிடம், "புது வருடம் உலகத்தில் முதலில் எங்கே பிறக்கிறது?" என்று கேட்டாய். "கிரேன் மேல உக்காந்திருக்கிறவனுக்குத்தான் டீச்சர். கீழ இருக்கிறவங்களுக்கு அப்புறம்தான்" என்றார். வேடிக்கையாகச் சொன்னார். "தவறு. அடுத்தவர் சொல்லட்டும்" என்றாய். அடுத்தவர் என்று அங்கே யாரும் இல்லை. பாட்டு டீச்சர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அன்றிலிருந்து நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிதங்களில் அவர் "அந்த மனிதர்".

நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். புது வருடம் பிறப்பதற்குள் ஒரே ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு அவரிடம் பேசு. "சாப்பிட்டீர்களா" என்று கேட்டால்கூடப் போதும். நாங்கள் வந்துவிடுகிறோம். பேசாவிட்டால் தீவுக்குப் போகிறோம். ஒரே கூரையின் கீழ் நீ அவரை நாற்காலி மாதிரி சுற்றிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது.

உன் மகள்


டிசம்பர் 2

அன்பு மகளுக்கு,

பெற்ற தாய்க்குக் கெடு வைக்கிறாய். சரி. கெடு வைக்கிறவர்கள் அதையாவது துல்லியமாக வைக்க வேண்டும். "புது வருடம் பிறப்பதற்குள்" என்றால் எந்தப் புது வருடம்? பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளில் வருடத்தைத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிறையைப் பார்த்துத் தொடங்குகிறவர்களின் புது வருடம் ஒவ்வொரு பருவமாகப் பின்னால் நகர்ந்து முப்பத்து மூன்று வருடத்தில் பழைய இடத்துக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் புது வருடம் என்பது கோடை விடுமுறை முடிந்து மணியடிக்கும் நாள்.

ஜனவரி முதல் தேதி என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் ஒரு நொடியில் நடந்து முடிகிற காரியம் இல்லை. தேதிக்கோட்டுக்கு அருகே முதல் தீவில் தொடங்கிக் கடைசித் தீவுக்கு வந்து சேர இருபத்தாறு மணி நேரம் ஆகிறது. உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் ஏழரை மணி. நமக்குள் ஏழரை என்பது ஊருக்கே தெரிந்ததுதான்.

அந்த மனிதர் சொன்னது தவறான விடை. தவறைத் தவறு என்றேன். உன் அப்பா சொன்னபோதும் அப்படித்தான் சொன்னேன். அவர் முப்பத்தோரு வருடம் என்னோடு வாழ்ந்துதான் காட்டினார்.

கண் அப்படியேதான் இருக்கிறது. இப்போது கோட்டின் மேல் அடிக்கோலை வைத்து எழுதுகிறேன். பிள்ளைகள் எனக்கு ஸ்கேல் டீச்சர் என்று வைத்த பெயர் கடைசியில் பலித்துவிட்டது.

உன் அம்மா


டிசம்பர் 14

அம்மாவுக்கு,

எங்கள் பன்னிரண்டு மணி. உன் ஊரில் அப்போது மாலை நாலரை. "நேரம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது" என்று சொல்லிக் கொடுத்தவள் நீதான். நாங்கள் இங்கே நிற்கிறோம்.

குடியிருப்பில் ஆறு குடும்பத்துக்கும் பொதுவான ஃபோன் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அன்று மதியத்திலிருந்து அவருக்கு விடுமுறை. அங்கேயே இருப்பார்.

கூப்பிடு அம்மா. நானும் பக்கத்தில் நிற்க மாட்டேன். நீ என்ன பேசினாய் என்று அவரைக் கேட்கவும் மாட்டேன்.

உன் மகள்


ஜனவரி 1

அன்பு மகளுக்கு,

புது வருட வாழ்த்துகள்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு உங்கள் குடியிருப்பைக் கூப்பிட்டேன். இடையில் ஒரு முறை கூட ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. நாற்பது முறை மணி அடித்தது. ஆறு குடும்பத்தில் ஒருவரும் எடுக்கவில்லை.

புது வருடம் பிறக்க அப்போது முழுதாக மூன்று மணி நேரம் இருந்தது. என் தரப்பில் குறையில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இனி முடிவு உன் கையில்.

மழை இல்லை. வேலைக்கு வருகிற பெண் விடுப்பு.

உன் அம்மா


ஜனவரி 12

அம்மாவுக்கு,

நேர வித்தியாசத்தை நீ மறந்துபோய்க் கூப்பிட்டிருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு கையில் ஆரஞ்சுப் பழமும் மறு கையில் டார்ச்சும் வைத்துக்கொண்டு முப்பத்தொன்பது வருடம், இங்கே பகல், அங்கே இரவு என்று பாடம் நடத்தியவள் நீ. உனக்கு மறக்குமா? கூப்பிட்டதாகவும் இருக்க வேண்டும், நான் சொன்னபடி கூப்பிடாததாகவும் இருக்க வேண்டும். அதுதானே?

இங்கே அதிகாலை நாலரைக்கு மணி அடித்தது. கீழ் வீட்டு வெல்டர், "யாருய்யா இந்த நேரத்துல? யார் வீட்ல என்ன ஆச்சு?" என்று படுக்கையிலிருந்தே கத்தினார். இவர் எழுந்து சட்டையைத் தேடினார். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "விடு, அத்தையா இருக்கும்" என்றார். "அதனாலதான் வேண்டாங்கறேன்" என்றேன். நாற்பது என்றா எழுதியிருக்கிறாய்? நாற்பத்து மூன்று. அத்தனையையும் எண்ணினேன். நானும் உன் வயிற்றில் பிறந்தவள்தானே.

முப்பத்தொன்றாம் தேதி மதியத்திலிருந்து அவர் ஃபோன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. "ஃபோன்ல சட்டை தெரியாது" என்று கேலி செய்தேன். "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார். இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை மணி அடித்தது. நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "ராங் நம்பர்" என்றார். மறுபடியும் உட்கார்ந்தார். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது தீவுக்கு வருகிறோம் என்று நான்தான் பதில் அனுப்பினேன். அவருக்குக் கை வரவில்லை.

இருபதாம் தேதி கிளம்புகிறோம். அங்கே விலாசம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதுவேனா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. கண் டாக்டருக்கு ஃபோன் செய்தேன். கூட இருக்க ஒரு ஆளை அனுப்புவதாகச் சொன்னாள். வருகிறவளைத் திருத்தாதே.

உன் மகள்


ஜனவரி 25

எப்படி விளிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். மூன்றாவதில் விளிப்பு இல்லாமலே தொடங்குகிறேன். இது உங்களுக்கு எழுதுவது. என் மகளுக்கு அல்ல. நீங்கள் கிளம்பி ஐந்து நாள் ஆகியிருக்கும். உங்கள் பழைய கிரேன் அலுவலகத்தின் விலாசத்தை உறையில் எழுதினேன். தபால்காரர், "டீச்சர், ஆள் இல்லைன்னா இது திரும்பி வந்துடும்" என்றார். "அது அதன் வேலை" என்றேன்.

நீங்கள் சொன்ன விடையை இந்த மாதம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது மீட்டர் உயரத்தில் இருப்பவனுக்குச் சூரியன் சுமார் ஐம்பது விநாடி முன்னதாகத் தெரியும். என் கேள்வி விடியலைப் பற்றியது அல்ல என்பதால் முழு மதிப்பெண் தர முடியாது. பாதி தந்திருக்கலாம். தரவில்லை.

டிசம்பரில் தச்சரை வரவழைத்தேன். கட்டிலை அகலமாக்கி, ஒன்பது அங்குலம் நீட்டவும் சொன்னேன். "ஒண்டியா இருக்கிற உங்களுக்கு எதுக்கும்மா இது? ஒட்டகம் ஏதாவது வாங்கப் போறீங்களா?" என்றார். அதிகப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. அதை உங்களிடம் சொல்வதில் இப்போது பயன் இல்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

அன்று பதினொரு மணிக்கு வந்தது ராங் நம்பர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். என் ஊரில் அப்போது மூன்றரை மணி. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "வணக்கம். சாப்பிட்டீர்களா? வீட்டில் இடம் இருக்கிறது." மூன்றே வாக்கியம். பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் எடுத்தீர்கள். என் வாய் திறக்கவில்லை. நீங்களே, "அத்தையா?" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அத்தை. சும்மா லைன்ல இருங்க, போதும். பேசினாங்கன்னு நான் அவகிட்ட சொல்லிடறேன்" என்றீர்கள்.

நான் இருந்திருக்கலாம். ஒரு நிமிடம். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஒரு படிப்பும் தேவையில்லை. முப்பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் கருணை மதிப்பெண் போட்டதில்லை. அழுதுகொண்டு வந்து நின்ற தாய்மார்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒருவர் போட்டபோது வாங்கத் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

அதற்குப் பின் என் ஊர் நாலரை மணி வரை தொலைபேசிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் அடித்தது. அதன் பிறகு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டது ஏன் என்று என் மகள் ஒரு காரணம் எழுதியிருக்கிறாள். அவள் எழுதியது பாதிதான். யாராவது எடுத்திருந்தால் அந்தத் தாளை வாசித்திருப்பேனா, எனக்கே தெரியாது.

அவளிடம் நீங்கள் சொன்ன பொய் எனக்காகச் சொன்னது. அதை நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். நீங்களும் திருத்த வேண்டாம். அது ராங் நம்பராகவே இருக்கட்டும். என் மேல் அவளுக்கு இருக்கும் கோபம் அங்கே ஐந்து வருடம் அவளைத் தாங்கும். பரிதாபம் தாங்காது.

டாக்டர் அனுப்பிய பெண் வந்துவிட்டாள். நல்லவள். செய்தித்தாளை உரக்க வாசிக்கிறாள். நிறுத்தற்குறி எதற்கும் நிற்பதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தக் கடிதம் ஒருவேளை உங்கள் கையில் கிடைத்தாலும் பதில் எழுத வேண்டாம். படகு வந்து போக இரண்டு மாதம். அதற்குள் வலது கண்ணும் என்னை விட்டுவிடும். உங்கள் கடிதத்தை அந்தப் பெண்தான் வாசிக்க வேண்டியிருக்கும். அதை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அத்தை