உன் ஸ்டேஷனின் பின்சுவர்

மாப்ள,

மேலூர்ப் பக்கத்துக் கல் பட்டறையிலிருந்து இன்று காலை ஒரு பை கல்தூள் வந்தது. பழைய வேட்டித் துணியில் சலித்து, பசைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். வெயிலில் காய்ந்த பாறையில் முதல் மழை விழுந்தது போல ஒரு வாசனை எழும்புமே, அது எழுந்ததும் உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. வந்தது கோபம்தான். நீ போய் எட்டு மாதமாகிறது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபத்தை வைத்துக்கொள்ளாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் உனக்காக நான்கு வருடம் சுவர் பூசியதில்லை.

வில்லாபுரத்தில் பில்டர்களுக்குக் கட்டட மாடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த என்னைத் தேடி நீதான் வந்தாய். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் என்று அறிமுகம் செய்துகொண்டு, கைக்குட்டையில் பொதிந்திருந்த சின்ன ரயில் எஞ்சினை என் மேஜை மேல் வைத்தாய். "அண்ணே, இது வந்து நிக்க ஒரு ஸ்டேஷன் வேணும்" என்றாய். ஒரே மாதத்தில் அண்ணே போய் மாப்ள ஆகிவிட்டது. உன் வீட்டு மாடியறையில் நீளமான பலகை போட்டோம். தண்டவாளமும் வயரிங்கும் உன் பாடு, கட்டடங்கள் என் பாடு. போடி போகிற பாதையில் மீட்டர்கேஜ் ஓடிய நாளில் இருந்தது போல ஒரு சிறிய ஸ்டேஷன், அதன் பின்னால் ரயில்வே குடியிருப்பு, ஒரு டீக்கடை, ஒரு தெரு.

முதல் சுவரை நீயே செய்து காட்டினாய். அட்டையில் பசை தடவி ஆற்று மணலைத் தூவியிருந்தாய். "தத்ரூபமா இருக்குல்ல மாப்ள?" என்று கேட்டாய்.

"எண்பத்தேழுல ஒரு பங்காச் சுருக்கியிருக்கோம். இந்த மணல் ஒவ்வொண்ணும் அந்த ஊர்க்காரன் முஷ்டி அம்புட்டு இருக்கும். இதுல ஒருத்தன் சாய்ஞ்சு நின்னா முதுகு கிழிஞ்சிரும்" என்றேன்.

நீ சிரித்தாய். மறுநாளே அதைப் பிய்த்துப் போட்டாய். உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பைக்கில் சுவர் பார்க்கப் போனோம். கீழக்குயில்குடியில் ஒரு வீட்டுச் சுவரை நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்து, "ஏய்யா, வீடு வாங்கப் போறீகளா, இல்ல செவரத் தடவிட்டுப் போறதுக்கே வந்தீகளா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "செவரு மட்டும் குடுப்பீகளாம்மா?" என்றாய். அந்த அம்மா நமக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சுவர்களிடமிருந்து நான் கற்றதைத்தான் என் பட்டறையில் செய்து உன் பலகைக்குக் கொண்டுவந்தேன்; பக்குவத்தை உனக்குச் சொன்னதில்லை. பிளாஸ்டிக் ஷீட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கசக்கி ஒட்டி, அதன்மேல் சலித்த கல்தூள் குழம்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பரப்புவேன். வர்ணம் காய்ந்ததும் மழைநீர்க் குழாய்க்கு அடியில் கறுப்புக் கறை, தரையை ஒட்டி ஈரம் ஏறிய பாசி, காரை பெயர்ந்த இடத்தில் நகக்கண் அளவு செங்கல். ஒரு சுவருக்கு மூன்று ஞாயிறு ஆகும். வந்தவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பார்த்துவிட்டு, பிறகு குனிந்து சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது உனக்கு உறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியவில்லை.

நான்காம் வருடம், பலகையை ஊருக்குக் காட்டக் கண்காட்சி வைப்போம் என்று கல்யாண மண்டபத்தில் இடம் பிடித்தாய். நான் பேருந்தில் வந்து இறங்கி உள்ளே நுழைந்தால் வாசலில் பெரிய போர்டு. 'தனி ஒருவரின் நான்காண்டு உழைப்பு' என்று எழுதி, கீழே உன் பெயர். மேலேயும் கீழேயும் தேடினேன். என் பெயர் இல்லை.

"என்ன மாப்ள இது?" என்று கேட்டேன். உன்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"அட, சுண்ணாம்பு அடிச்சவன் பேரையெல்லாம் போர்டுல போட முடியுமா?" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் முகத்தைப் பார்க்காமல் சிரித்தாய்.

நான் அப்படியே திரும்பி நடந்தேன். வீடு வந்து சேரும்வரை காதில் அந்தச் சிரிப்புத்தான். அன்றைக்குப் பிறகு உன் மாடிப்படி ஏறவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துக் கூப்பிட்டாய். பாதையை நீட்டி, மறுகோடியில் மாடி வைத்த பெரிய ஸ்டேஷன் ஒன்று கட்டுகிறாயாம். "சுவர்ப் பூச்சு மட்டும் சரியா வர மாட்டேங்குது. எதுல கலக்கணும்னு மட்டும் சொல்லிரு மாப்ள" என்றாய். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. வந்து செய் என்றுகூடக் கேட்கவில்லை.

நான் நிதானமாகச் சொன்னேன். "ரொம்ப ஈசி. சுவருக்கு அடிக்கிற புட்டியத் தண்ணியில கலந்து நேரா ஷீட்ல பூசு. பசை வேணாம். உப்புத்தாள் போடாத, ஷீட் கெட்டுப்போகும்."

அது காயும்வரை அழகாக இருக்கும், நாலு தடவை அதிர்ந்தால் அப்பளமாய்க் கழன்றுவிடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு விட்ட வேலையைத் தொடர்ந்தேன்.

இரண்டாவது கண்காட்சிக்கு நான் டிக்கெட் வாங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். வேன் பயணத்திலேயே பூச்சு விட்டிருந்தது போல. மூன்றாவது சுற்றில் ரயில் பெரிய ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது முன்சுவர் முழுசும் ஏடு ஏடாகப் பெயர்ந்து தண்டவாளத்தில் விழுந்தது. எஞ்சின் ஏறிக் கவிழ்ந்தது. யாரோ கைதட்டினார்கள். நீ இரு கைகளாலும் சில்லுகளை அள்ளிக்கொண்டே நிமிர்ந்தாய். என்னைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சந்தோசமா மாப்ள?" என்று கேட்டாய்.

"ரொம்ப" என்றேன்.

மூன்று மாதத்தில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். தகவல் கிடைத்து வந்தேன். தெருமுனையில் பந்தல் தெரிகிற தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் உன் மனைவி என் பட்டறைக்கு வந்தார். ஆட்டோவில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே உன் பெரிய ஸ்டேஷன், பாதி உரிந்து.

"பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காகண்ணே. மொத்தத்தையும் அவுக ஹால்ல வைக்கிறாகளாம். நீங்க செஞ்ச தெருவெல்லாம் அப்படியே இருக்கு. இது மட்டுந்தான் இப்படிக் கெடக்கு. கடைசி வரைக்கும் இதோடதான் மாடியில கெடந்தாரு" என்றார்.

"செஞ்சு தாரேன். ஆனா போர்டுல என் பேரு மட்டுந்தான் இருக்கணும்."

அவர் என்னையே பார்த்தார். "தண்டவாளம், லைட்டு எல்லாம் அவர் போட்டதுதானண்ணே?"

"தெரியும் தங்கச்சி."

சேலை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "சரிண்ணே. ஒங்க இஷ்டம்" என்று எழுந்து போனார்.

என்னை வாழ்க்கையில் இத்தனை சுலபமாக யாரும் ஜெயிக்க விட்டதில்லை. மறுநாளே சுரண்ட உட்கார்ந்தேன். முன்சுவர், பக்கச் சுவர்கள் எல்லாம் கத்தி பட்டதுமே உதிர்ந்தன. பின்சுவரில் மட்டும் கத்தி இறங்கவில்லை. விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். பார்வையாளர் கண்ணுக்கே படாத அந்தச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு நீ புதிதாகப் பூசியிருந்தாய். ஷீட்டைத் தேய்த்திருந்தாய். டிஷ்யூ காகிதம் இருந்தது. கல்தூள் இருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல், அதன் கீழ் மழைக்கறை. அந்தக் கறை கீழே போகப் போக வெளிறி மறைந்த விதம் எனக்கு இன்றுவரை கைவந்ததில்லை. யாரும் சொல்லித்தராமல் நீயே கண்டுபிடித்திருக்கிறாய்.

அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுச் சுற்றிலும் நான் பூசியிருக்கலாம். முடியாத வேலை இல்லை.

சுரண்டினேன் மாப்ள. சுலபத்தில் வரவில்லை. கத்தியை இரண்டு முறை தீட்ட வேண்டியிருந்தது. கடைசித் துணுக்கும் வந்தபிறகு மொத்தச் சுவரையும் நானே பூசினேன்.

ஸ்டேஷன் இப்போது அந்தப் பள்ளிக்கூட ஹாலில் இருக்கிறது. போர்டில் ஒரே பெயர். பார்த்தவர்கள் என்னைப் புகழ்கிறார்கள், நானும் தலையாட்டிக்கொள்கிறேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கறையை நீ எப்படிக் கொண்டுவந்தாய் என்று தெரியாமல், இந்த ஒரு மாதமாகப் பதினெட்டு ஷீட்டுகளைப் பாழாக்கியிருக்கிறேன்.