தொட்டிக்குப் பசிக்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் சுகம். உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒன்றுமில்லை, மனசு மட்டும் தொட்டிக்குள் கிடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியார் வீட்டு ஜனமும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே சிரித்துப் புரையேறிப் படுத்துவிடுவாய், மீதியை நான் யாரிடம் சொல்வது. பிழை இருந்தால் மாப்பிள்ளை கண்ணில் காட்டாதே, நான் வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம்.

விஷயம் என்னவென்றால், அப்பாவின் தொட்டி செத்துப்போய்விட்டது. இந்தக் கட்டிடத்து அத்தனை வீட்டுக் கழிவும் பின்பக்கத் தொட்டிக்கு வந்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதைத் தின்று, தெளிந்த தண்ணீர் மரங்களுக்குப் போவது உனக்குத் தெரியும். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் அவர் உன்னையும் வளர்த்தார், உண்மையைச் சொன்னால் உன்னைவிட அதைத்தான் நன்றாக வளர்த்தார். மாதக் கடைசியில் சோதனை அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, நம் கட்டிடத்துச் செக்ரட்டரி அம்மா வாட்ச்மேனை விட்டு வாளி வாளியாக ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தொட்டியில் கொட்ட வைத்துவிட்டார். கேட்டால், வீட்டுக்கு ஆள் வர்றப்ப கழுவி வைக்க மாட்டோமா, அது மாதிரிதான் என்கிறார். அப்பா வாய் நிறையப் பஞ்சோடு வந்து பார்த்துவிட்டுக் கையைக் காலை ஆட்டுகிறார், பேச்சு வரவில்லை. அந்தம்மா அதைப் பல்வலி என்று நினைத்து, ஐஸ் வச்சுக்கங்க, சரியாயிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிகாரி வரும்போது தொட்டி செத்துக் கிடந்தால் அதை வெளியாள் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்பாவின் வேலையும் போகும், தொட்டியை ஒட்டி நாம் இருக்கும் இந்த ரூமும் போகும். நான் தைரியமாகத்தான் இருந்தேன், ஆனால் பாத்திரங்களை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்று ஒரு கணக்குப் போட்டு வைத்தேன்.

மறுநாள் அப்பா தன் கூட்டாளி வேலை பார்க்கும் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றை ஒரு டிரம்மில் வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்டக்டர் உள்ளே என்ன என்று கேட்டாராம், இவர் உயிர் இருக்கு தம்பி, மெதுவா என்றாராம், நாய்க்குட்டியா, அதைவிடச் சின்னது என்று பேச்சு போய், கடைசியில் டிரம்முக்கு அரை டிக்கெட் போட்டுவிட்டார். டிரம் நம் குளியலறைக்குக் குடிவந்தது. மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாயை உள்ளே விட்டு, நேரம் தவறாமல் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிறார் மனுஷன். எனக்கு டீயில் சர்க்கரை பத்தவில்லை என்றால், உனக்கென்ன, நீ மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கே என்கிறார். நாங்கள் தையல்கார அக்கா வீட்டில் போய்க் குளிக்கிறோம். ஒரு மத்தியானம் கரண்டு போய்விட்டது, காற்று நின்றால் எல்லாம் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று நானும் உன் தம்பியும் மாறி மாறிக் கட்டையால் கிண்டினோம். அப்போது பார்த்து நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார் செக்ரட்டரி அம்மா. அப்பா கட்டையை அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடிங்கம்மா, நிறுத்திடாதீங்க என்று சொல்லிவிட்டு பேட்டரி தேடப் போய்விட்டார். அந்தம்மா சண்டையையும் விடவில்லை, கிண்டுவதையும் விடவில்லை.

மருந்துத் தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றைத் தொட்டியில் ஊற்றியாயிற்று, அதோடு முடிந்தது என்று பார்த்தால் அடுத்த கூத்து. தொட்டிக்குப் பசி. பள்ளி லீவுக்குப் பாதி வீடு பூட்டு, மிச்சப் பேர் ஆபீசில் போய் வேலையை முடித்துக்கொள்கிறார்கள், பூச்சிகளுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும். உன் அப்பா காலையில் கேட்டில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம், சார் போயாச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மானமே போச்சு. இல்லை என்று சொன்னவரிடம், இங்கயே இருந்துட்டுப் போங்க சார், நம்ம சொத்தை எதுக்கு அடுத்தவன் கட்டிடத்துல கொண்டுபோய் வைக்கணும் என்கிறார். மேல்மாடி வாத்தியார் காது சிவந்து திரும்ப லிஃப்ட் ஏறினார். பாங்க் மேனேஜர் பாதி ரோட்டிலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடிப் பையன் தினமும் ஜன்னலைத் திறந்து, அங்கிள் முடிஞ்சுது என்று கத்துகிறான், இவர் கீழேயிருந்து, நல்லா இருப்பே என்று கையைத் தூக்கி வாழ்த்துகிறார். டிரைவர்களும் பார்சல் கொண்டுவருகிறவர்களும் உள்ளே போகக்கூடாது என்று பொதுக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டவர் செக்ரட்டரி அம்மாதானே, தொட்டியைக் கொன்றது தன் ஃபினாயில்தான் என்று புரிந்து இப்போது அவரே பூட்டைக் கழற்றிவிட்டு, வாங்க வாங்க, அவசரமில்லாம இருங்க என்று உபசாரம் பண்ணுகிறார். உன் கல்யாணத்தில்கூட நான் இப்படி யாரையும் அழைத்ததில்லை.

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், ஏங்க, இந்தப் பூச்சிக்குப் போய் இவ்வளவா என்று. அவர் சொன்னார், நாம கழிச்சதை அது தின்னுது, அது விட்ட தண்ணியை மரம் குடிக்குது, மரம் விட்ட காத்தை நாம இழுக்கிறோம், ஒருத்தர் மிச்சத்துலதான் இன்னொருத்தர் உசுரு ஓடுது. நான் சொன்னேன், இதைக் கண்டுபிடிக்கத் தொட்டிக்கா போகணும், நீங்க எல்லாம் தின்னு எழுந்தப்புறம் வருஷக்கணக்கா நான் சாப்பிடறேனே, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மனுஷன் அன்று ராத்திரி தானே சோறு வடித்து எனக்கு முதலில் பரிமாறினார், சோறு குழைந்திருந்தது, ஆனாலும் நான் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று அதிகாரி வந்தார். அப்பா ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்தார். நாங்கள் எல்லோரும் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி சுற்றி நின்றோம். சேறு மெல்ல அடியில் இறங்க, மேலே தண்ணீர் தெளிந்தது. அதிகாரி மோந்து பார்த்துவிட்டு, மழை நனைச்ச மண்ணு வாசனை வருதே என்றார். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், பல் பிடுங்கினபோதுகூட அழாத ஆள். ஆனால் முழுசாகப் பாஸ் போடவில்லை. உசுரு வந்துடுச்சு, ரொம்ப மெலிஞ்சிருக்கு, லீவு முடிஞ்சு வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் பட்டினி போட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால்தான் இந்தக் கடிதம். வேலை இருக்கிறது, டிக்கெட் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் சாக்குச் சொல்கிறாயே, இந்த வருஷம் நடக்காது. நீ, மாப்பிள்ளை, மாமியார், மாமனார், உன் நாத்தனார் அவள் பிள்ளைகள் எல்லோருமாகக் கிளம்பி வாருங்கள். பத்தியம் அது இது என்று பாதி வயிறு சாப்பிடுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மாமனார் அடிக்கடி போவார் என்று நீ முன்பு குறைப்பட்டாயே, அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை, அவரை அவசியம் கூட்டிவரச் சொல்கிறார். வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நல்ல ஜீரணத்தோடு நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பா இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறார்: ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷனில் யாரும் எங்கேயும் ஒதுங்க வேண்டாம், நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொட்டிக்கு அடுத்தபடியாக உன் அப்பா மனசில் இடம் பிடித்திருக்கும்
உன் அம்மா