மேகத்துக்குக் காத்திருந்த வாரம்

பிப். 9, திங்கள்
வானம் சுத்தம். பேருக்குக்கூட மேகம் இல்லை. நாசமாய்ப் போக.

காவலூரில் இப்படிச் சபிக்கிறவள் நான் ஒருத்திதான். வானம் தெளிந்தால் என் வீட்டுக்காரருக்கு டெலஸ்கோப் நிலையத்தில் ராத்திரி டியூட்டி, பகலெல்லாம் தூக்கம். மூடினால் சாயங்காலமே வீடு திரும்பிவிடுவார். பிள்ளைகள் அவரிடம், நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம்.

பிஎச்.டி. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் வெள்ளிக்குள் போகணும். நெறியாளர் போனில்: "இதுக்கு மேல நீட்டிப்பு கேக்க முடியாதும்மா. பதிவு ரத்தாயிடும்." இத்தனை வருஷம் படித்தது அத்தனையும் வீண்.

வாங்க: கதிருக்கு இருமல் மருந்து, ரவை, பேனா.

பிப். 10
இயல் தலைப்பு, பழம்பாடல்களில் செவிலித்தாய். பாட்டுக்குப் பாட்டு ஒருத்தி யாரோ பெற்றதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குத்தான் ஒருத்தி இல்லை.

யாழினி (யு.கே.ஜி.) என் தாளின் பின்பக்கம் யானை வரைந்தாள். கதிர் (ஒன்றரை வயசு) அடிக்குறிப்புத் தாளில் பாதியைத் தின்றுவிட்டான். அழுகை வந்தது. அழ நேரமில்லை.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, புளி உடைத்துக்கொண்டே: "இன்னாம்மா, ரெண்டு புள்ள பெத்தும் இன்னும் படிக்கிற? வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லயா?" சிரித்து வைத்தேன்.

பிப். 11
யோசனை! அவர் பகலில் தூங்கும் அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கதிரையும் உள்ளே போட்டேன். அப்பனும் மகனும் பொழுது சாயும்வரை அசையவில்லை. நாலு பக்கம் எழுதினேன். கெட்டிக்காரி நான்.

பிப். 12
முட்டாள். பகலில் தூங்கினவன் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழிப்பு. அவனுக்கும் டியூட்டி.

காலையில் யாழினி சடை பின்னச் சொன்னாள். முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை, பார்த்தாள். தாங்கவில்லை எனக்கு.

நேற்றைய நாலு பக்கத்தையும் படித்தேன். குப்பை. திருத்தணும்.

அவர்: "லீவு போடட்டுமா?"
"ஏதுங்க லீவு? எனக்காகப் போட்டே தீத்துட்டீங்களே."

விட்டுவிடலாமா? விட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

பிப். 13, வெள்ளி
மத்தியானம் ஆலங்காயம் பக்கம் கறுத்தது. சாயங்காலம் முழு மூட்டம். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன், நிஜமாகவே. அவர் வந்துவிட்டார். "போ, போய் எழுது. நான் பாத்துக்கறேன்."

முடிவுரை மட்டும் பாக்கி. இன்றைக்குள் அனுப்பணும்.

உள்ளறைக்குப் போகையில், சாமி படத்துக்கு முன்னால் யாழினி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தமாக: "சாமி, மேகம் வேணாம். மேகம் வந்தா அம்மா கதவ சாத்திக்குது."

சாத்திவிட்டேன். முடிவுரைக்குப் பதில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.